கோடி

ஒன்பது மாதம் அயல்தீவின் சிறையில் இருந்துவிட்டு
ததேயுஸ் வந்திறங்கியபோது
கையில் ஒரு பிளாஸ்டிக் பை.
உள்ளே பிரஷ், தூதரகத்துக் கடிதம், பேன் மருந்து,
நாலாய் மடித்த ஒரு துணி.

ஒரு பொம்பளை நெய்தது, என்றான்.
சோறு விளம்பிக்கொண்டிருந்தேன்.
அகப்பை சட்டியிலேயே நின்றது.

எங்கள் பக்கத்தில் துணி சும்மா கைமாறாது.
ஆண் ஒருத்திக்குப் புடவை கொடுத்தால் கல்யாணம்:
பீடத்தின் முன் தலையில் இடும் மந்திரகோடி.
செத்தால், பிறந்த வீட்டிலிருந்து வரும் கோடி.
கிறிஸ்துமசுக்குத் தள்ளுபடியில் எடுப்பதெல்லாம்
இந்தக் கணக்கில் சேராது.

இது எந்தக் கோடி என்று கேட்டேன்.
அவன் மீன்முள்ளை
ஒவ்வொன்றாய் எடுத்துக்கொண்டிருந்தான்.

இரவில் சொன்னான்.
சிறைக்கு வெளியே வாழைப்பழம் பொரித்து விற்கிறவளாம்.
மூங்கில் சட்டத்தில் பாவுநூலை இழுத்து
ஓலைநாரால் கொத்துக்கொத்தாய்க் கட்டுவாளாம்.
கட்டிய இடத்தில் சாயம் ஏறாது.
முதலில் அவுரி.
பிறகு சில முடிச்சை அவிழ்த்து, சில புதிதாய்ப் போட்டு,
நம்மூர் மஞ்சணத்தி மாதிரி ஒரு வேரின் சிவப்பு.
தறியில் ஏறும் முன்பே
முழுத்துணியும் நூலில் தீர்மானமாகிவிடும்.

முடிச்சைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் தாழும்.
ஆயிரம் தூண்டில் கோத்த கயிற்றை
இருட்டில் தடவிச் சிக்கெடுக்கிறவன்.
வேலிக்கம்பி இடைவெளியில் கைநீட்டி
நம்ம முடிச்சு ஒன்றை அவளுக்குக் காட்டினானாம்.
என்ன பாஷையில் பேசினீர்கள்?
முடிச்சுக்கு என்ன பாஷை, என்றான்.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் அவன் தேங்காப்பட்டணம் துறைமுகம் போனதும்
துணியைச் சோடாக்காரத்தில் ஊறப்போட்டேன்.
கல்லில் அடித்தேன்.
வடசேரிக் கடையில் எடுத்த என் சிவப்புச் சேலை
முதல் துவைப்பிலேயே
பாவாடையெல்லாம் ரத்தமாக்கியது.
இதுவும் கரையட்டும்,
அவள் விரல் பட்டதெல்லாம் இரயுமன்துறைப் பொழிமுகத்தில்
கலங்கிப் போகட்டும் என்று
மூன்று தண்ணி மாற்றினேன்.
நாலாவது தண்ணியில் என் முகம் தெரிந்தது.

அப்போதுதான் விரித்துப் பார்த்தேன்.
வரிசையாய்த் திருக்கைகள்.
ஒன்றின் ஓரமும் தீர்க்கமாய் இல்லை.
சிவப்பு கறுப்புக்குள் கொஞ்சம் கசிந்து
நீருக்கடியில் நகர்வதுபோல.
முதலில் பிழை என்று நினைத்தேன்.
கணியம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும்:
மலையின் மூக்கையும் பள்ளிக் கோபுரத்தையும்
ஒரே கோட்டில் நிறுத்தி, இதுக்கடியில பாரு என்றாலும்
அலையில் மரம் ஆட, மலை ஒரு மயிரிழை விலகும்.
அந்த விலகலையும் சேர்த்துத்தான் இடம்.

திருக்கைகளுக்கு நடுவே ஒரு வள்ளம்.
அதில் ஆள் இல்லை.
ஆள் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை,
யாரோ இறுகக் கட்டி
இரண்டு சாயத்திலிருந்தும் காத்த வெள்ளை.

அவளுக்குப் பிள்ளைகள் உண்டா?
சாயங்காலம் கேட்டேன்.
ஒருத்தன், என்றான். கடலுக்குப் போனவன்.
உடம்பு கிட்டல்ல.
போர்த்த நெய்தது இது.
பீடி அணையுமட்டும் பேசவில்லை.
வீட்டுக்குத் திரும்புற எவனுக்காவது குடுக்கணும்னு
வச்சிருந்தாளாம்.

ஓகியில் போன என் தம்பி ஸ்டெல்லசுக்கு
நாங்கள் எடுத்த கோடிவேட்டி
பீரோவில் இருக்கிறது இன்னும்,
விலைச்சீட்டு கிழிக்காமல்.

கொடியில் வலைக்குப் பக்கத்தில் துணி காய்ந்தது.
பிரக்காசியாள் மதிலுக்கு மேலே எட்டி
சேலையா, முண்டா, என்ன விலை என்றாள்.
சேலையில்லை என்றேன்.
மீதிக்கு வாய் வரவில்லை.

பீரோவைத் திறந்தேன்.
வேட்டிக்கு மேலே வைத்தேன்.
எடுத்தேன்.

அன்றிரவு நான்தான் போர்த்திக்கொண்டேன்.
சோடாவும், அதற்கடியில் ஏதோ புகையும் மணத்தது.
தலைமுதல் கால்வரை மூடியும்
ஒரு முழம் மிச்சம் கிடந்தது பாயில்.
அவள் பிள்ளை
நல்ல உயரம்.